என் பெயரில் ஒரு விரல்

கிட்டத்தட்ட மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு முறை, என் மனைவியின் விரலைக் குத்தி, அதில் வந்த ரத்தத்தை என் ரத்தம் என்று கைபேசியில் பதிந்து வந்தேன். இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தாகம் சர்க்கரையால் வந்ததா வெட்கத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்லும் ஆப் இன்னும் வரவில்லை.

வெட்கத்தை இரட்டிப்பாக்குவது என் பிழைப்பு. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவன் நான். இயந்திரத்தைத் திறந்து பார்க்காமலே செக் ஷீட்டில் டிக் போடுகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து, தமிழ்நாட்டு ஆட்களுக்குத் தமிழிலும் உள்ளூர் ஆட்களுக்குத் தெலுங்கிலும் ஒரு மணி நேரம் அறுப்பேன். ‘பார்க்காமல் போடும் டிக், பக்கத்தில் நிற்பவன் கையை எடுக்கும்’ என்று எங்கள் கேன்டீன் சுவரில் ஒரு போஸ்டர் இருக்கிறது. வாசகம் என்னுடையது. அதற்காக நிர்வாகம் எனக்கு ஒரு ஸ்டீல் டிபன் பாக்ஸ் பரிசளித்தது. அதில்தான் தினமும் ஆறு இட்லி எடுத்துப்போய், இரண்டு இட்லி என்று பதிந்துகொண்டிருந்தேன்.

சர்க்கரை எனக்கு வந்தது சித்தூரில் குடியிருந்தபோது. வம்சத்தில் முதல் ஆள். என் நைனா பிறர் நிலத்தில் கரும்பு வெட்டி, பிறர் கொப்பரையில் வெல்லம் காய்ச்சியவர். ஆயுசு முழுக்க வெல்லத்தின் பக்கத்தில் நின்றும் அவர் உடம்பில் அது ஏறவில்லை. விஷயத்தைச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. “ஒக்காந்து துன்றவனுக்குத்தான் அது வரும்னு சொல்வாங்க. நீ நல்லா கீறேன்னு தெரியுது,” என்றார். பட்டம் வாங்கியபோதுகூட அவர் முகத்தில் இவ்வளவு திருப்தியைப் பார்த்ததில்லை.

சித்தூர் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, ஸ்வீட்டைக் குறை என்றார். குறைத்தேன் என்று சொன்னேன். சரி என்றார். இரு தரப்புக்கும் இது வசதியாக இருந்தது. பிறகு வேலைக்காகத் திருச்சானூருக்குக் குடிவந்தோம். வந்தபின் பார்க்க ஆரம்பித்த திருப்பதி டாக்டர் வேறு ரகம். முப்பது வயதைத் தாண்டாத பெண். தெலுங்குக்காரர். தமிழ்நாட்டில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். நல்ல தமிழில் திட்டவும் தெரியும். என் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மூன்று மாத சராசரி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. அது எனக்கு ஒன்பதரை.

“ஏமண்டி, இதுக்கு மேல மாத்திரை கூட்டறதுல அர்த்தமில்ல. மூணு மாசம் டைம் தரேன். சாப்பாடு, நடை, ரெண்டையும் ஒழுங்கு பண்ணுங்க. குறையலேன்னா இன்சுலின். தினமும் ஊசி.”

ஊசி என்ற சொல்லுக்கே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பள்ளியில் தடுப்பூசி போட வந்த நாளன்று சுவரேறிக் குதித்தவன். என் இடது முழங்காலில் உள்ள தழும்பு அந்தச் சுவரின் நினைவு. ஊசிக்குப் பயந்து குதித்தவனுக்கு அன்று மாலை டெட்டனஸ் ஊசி ஒன்றும் சேர்த்துப் போட்டார்கள்.

டாக்டரே என் கைபேசியை வாங்கி ஆப்பை ஏற்றித் தந்தார். புதன், சனி காலை வெறும் வயிற்றில் விரலைக் குத்தி, வீட்டு மெஷினில் ரத்தச் சர்க்கரை பார்த்துப் பதிய வேண்டும். தின்பதையெல்லாம் பதிய வேண்டும். நடையை அதுவே எண்ணிக்கொள்ளும். எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் தெரியும். எண் நன்றாக இருந்தால் ஒரு பச்சை முகம் சிரிக்கும்; சுமாராக இருந்தால் மஞ்சள் முகம் உதட்டைப் பிதுக்கும்; மோசமென்றால் சிவப்பு முகம் அழும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காளஹஸ்தி வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசியை எடுத்துப் பார்ப்பேன். பள்ளத்தில் பஸ் விழுந்து எழும்போது நாலைந்து அடி நடந்ததாக அது எண்ணும். நல்ல சாலை வந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது ‘எழுந்து நில்லுங்கள்’ என்று பையில் அதிரும். எழுந்து நின்றால் ஏதோ சொல்லப்போகிறேன் என்று எல்லோரும் திரும்புவார்கள். அப்படி நின்ற ஒரு நாள், வேறு வழியில்லாமல் நன்றியுரை ஆற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆப் தமிழும் பேசியது. தமிழைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து பேசிய தமிழ். அதன் உணவுப் பட்டியலில் கீன்வா இருந்தது, களி இல்லை. கேழ்வரகுக் களியைத் தேடியபோது நெருங்கிய சொந்தம் என்று புட்டிங்கைக் காட்டியது. லட்டு இருந்தது, ஆனால் பிரசாதம் இல்லை. திருச்சானூரில் வீடு வைத்திருப்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை. வேலூர், திருவள்ளூர்ப் பக்கமிருந்து தரிசனத்துக்கு வரும் உறவுகளுக்கெல்லாம் எங்கள் வீடுதான் வாடகையில்லாத லாட்ஜ். மலையிலிருந்து இறங்கியதும் ஒரு லட்டை வைத்துவிட்டுத்தான் போவார்கள். வேண்டாமென்று சொல்ல முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. பட்டியலில் இல்லாத ஒன்று உணவாக இருக்க முடியாது என்று நான் முடிவுக்கு வந்தேன். தர்க்கம் படித்திருக்கிறேன்.

முதல் புதன்கிழமை நானே என் விரலைக் குத்தினேன். குத்துவதற்கு இருபது நிமிடம் ஆனது. பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவியை விரல்மேல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததைப் பார்த்து, “அது இன்னா, சீல் வெக்கறியா?” என்றாள் மனைவி. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். நூற்றுத் தொண்ணூற்றாறு. சிவப்பு முகம் அழுதது. எனக்கும் அழுகை வந்தது, எனக்கு வலியினால்.

சனிக்கிழமை மறுபடி குத்த வேண்டும். அந்த வாரம்தான் என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, வெதுருகுப்பத்தில் விவசாயம். அவர்கள் குடும்பமும் எங்களைப் போல ஒரு காலத்தில் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனதுதான். இவன் காலத்தில்தான் சொந்தமாக ஒன்றரை ஏக்கர். மாதத்தின் முதல் சனிக்கிழமை விடிவதற்குள் மலையடிவாரத்து அலிபிரியில் படியேற ஆரம்பித்துவிடுவான்.

“மாமா, இந்த வாட்டி ஒனக்கோசரம் வேண்டிக்கினு ஏறப்போறேன். ஒன் சக்கர கொறையணும்னு.”

இந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பிரார்த்தனை என்பது யாருக்காக யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அப்பன் மொட்டையடிப்பான். அண்ணனுக்கு வேலை கிடைக்கத் தம்பி உருளுவான். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் பகல் முழுக்கப் பட்டினி இருப்பவள் என் மனைவி. நான் அன்று வழக்கம்போல மூன்று வேளையும் சாப்பிடுவேன். இதில் யாருக்கும் எந்த முரணும் தெரிந்ததில்லை. இந்தக் காற்றை இத்தனை காலம் சுவாசித்த ஒருவன் அடுத்து என்ன நினைப்பானோ அதைத்தான் நான் நினைத்தேன்.

“வேண்டிக்கிறதோட வேண்டிக்கிறே, என் போனையும் எடுத்துக்கினு ஏறேன்.”

மச்சான் சிரிக்கக்கூட இல்லை. “குடு. ஒன் பாரத்த தூக்கறதுக்கு இது எவ்ளோ தேவல,” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மூவாயிரத்துச் சொச்சம் படிகள். மேலே தரிசன வரிசைக்குப் போகுமுன் கைபேசியை கவுன்ட்டரில் ஒப்படைக்க வேண்டியிருந்ததால், வரிசையில் நகர்ந்த அடிகள் எனக்கு வராமல் போய்விட்டதாக வருத்தப்பட்டான். போன் மலையில் இருந்ததால் அன்று காலை என் விரல் தப்பியது. அது திரும்பி வந்தபோது ஆப் வாணவேடிக்கை விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு பதக்கம் கொடுத்திருந்தது. பதக்கத்தைப் பார்த்துக்கொண்டே அவன் கொண்டுவந்த லட்டில் பாதியைத் தின்றேன்.

கால் இரவல் கிடைத்துவிட்டது. அடுத்த புதன்கிழமை காலை விரலுக்குப் போனேன்.

“ஏமே, ஒரு நிமிசம் ஒன் வெரல காட்டேன்.”

“எதுக்கு?”

“எனக்குக் கை நடுங்குது. ஒரு தடவதான்.”

அவள் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். “ஒனக்கோசரம் பட்டினி கெடக்கறேன். ரத்தமும் நான்தான் குடுக்கணுமா?” என்று கேட்டாள். ஆனால் கேட்டுக்கொண்டே புடவைத் தலைப்பில் கையைத் துடைத்து விரலை நீட்டிவிட்டாள். அவளுக்கும் அதே காற்றுதான். குத்தினேன். நூற்றுப் பதினெட்டு. பச்சை முகம், காது வரை சிரிப்பு.

“பாத்தியா, சக்கர இல்லாதவ ரத்தம் எப்படி கீது,” என்றேன், நானே உற்பத்தி செய்தவனைப் போல.

அதன்பின் புதனும் சனியும் விடிந்தவுடன் அவள் விரல், என் பெயர். நூற்று இருபத்திரண்டு. நூற்றுப் பதினாறு. நூற்று இருபத்தேழு. எல்லாம் பச்சை. டாக்டரிடமிருந்து ஆப் வழியாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதைக் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் காட்டினேன். அவர் தன் எண்ணைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். அவருக்குச் சில ஆலோசனைகள் சொன்னேன். மனக் கட்டுப்பாடுதான் முக்கியம் என்றேன்.

ஆனால் நிம்மதி மட்டும் வரவில்லை. பொய் சொல்லிப் பழகியவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று தெரியவில்லை. அழைப்பு மணி அடித்தால் டாக்டர் என்று தோன்றும். பகலில் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோகும்போது பையில் கைபேசி அதிரும். கண்காணிப்பு கேமரா இருக்கிறதோ என்று ஒரு கணம் டிபன் பாக்ஸை மூடுவேன்.

மாம்பழக் காலம் வந்தது. மச்சான் தோட்டத்திலிருந்து ஒரு கூடை வந்தது. சித்தூர்க்காரனை மாம்பழத்துக்கு எதிரில் உட்காரவைத்துத் தின்னாதே என்று சொல்வது தண்டனைச் சட்டத்தில் சேர வேண்டிய குற்றம். இருந்தும் நான் கொஞ்சம் அடக்கிக்கொண்டேன். என் பங்கை மனைவி எடுத்துக்கொண்டாள். “ஒனக்குத்தான் ஆவாதே, இப்படிக் குடு. வீணாப் போவக்கூடாது.” உறவுகள் வைத்துப்போகும் லட்டிலும் என் பாதி அவளிடம் போக ஆரம்பித்தது. என் நடை மச்சானிடம், என் பட்டினியும் ரத்தமும் இனிப்பும் மனைவியிடம். நோய் மட்டும்தான் என்னிடம் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது வாரம் நூற்று முப்பத்தெட்டு காட்டியது. மஞ்சள் முகம் உதட்டைப் பிதுக்கியது. அடுத்த சனிக்கிழமை நூற்று நாற்பத்தொன்று.

இனி வரும் பகுதியை வாசகர்கள் வேகமாகக் கடந்துவிட்டால் எனக்கு உபகாரம். நான் அவள்மேல் கோபப்பட்டேன்.

“நேத்து ராத்திரி இன்னா துன்னே நீ?”

“இன்னா துன்னேன்? ரெண்டு தோச.”

“மாம்பழம்?”

“ஒண்ணு.”

“ஒண்ணா? இங்க பாரு, மஞ்சள் வந்துகினு கீது. இன்னும் மூணு வாரத்துல டாக்டர் பாப்பாங்க. எனக்கு ஊசி போட்டாத்தான் ஒனக்கு மனசு ஆறுமா?”

அவள் குத்திய விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். “ஏன்யா, நீ துன்னா எனக்குத் தெரியக்கூடாது, நான் துன்னா ஒன் போனுக்குத் தெரியணுமா?”

பதிலாக அவளுக்கு ஒரு உணவு அட்டவணை போட்டுக்கொடுத்தேன். இரவில் ஒரு சப்பாத்தி. மாம்பழம் நிறுத்தம். மாலையில் தாயார் கோயில் குளத்தைச் சுற்றி நடை. கைபேசியை அவள் கையிலேயே கொடுத்தனுப்பினால் என் நடையும் சேரும் என்பதால் கொடுத்தனுப்பினேன். நான் வீட்டில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, அவள் நடக்கிறாளா என்று கவலைப்பட்டேன். திரும்பி வந்ததும் நாலு டம்ளர் தண்ணீரை நின்றபடி குடிப்பாள். “நாக்கு ஒட்டிக்குது. காலு வேற மதமதன்னு கீது,” என்பாள். வெயில் என்பேன். மே மாதத்தில் திருப்பதியில் எதைச் சொன்னாலும் வெயில் என்று பதில் சொல்லிவிடலாம்.

மூன்று மாதம் முடிந்தது. அதற்கு முதல் நாள் லேபில் ரத்தம் எடுத்தார்கள். அங்கே ஆள் மாற்ற முடியவில்லை. மறுநாள் கிளினிக்குக்குப் போனோம். மனைவி வழக்கம்போல் வெளியே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போட்டிருந்த நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே டாக்டர் இடது பக்கம் ஆப்பின் படங்களையும் வலது பக்கம் லேப் ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

“வினண்டி, கேளுங்க. நடை பாத்தேன். மாசத்துல ஒரு சனிக்கிழமை மட்டும் மலை. மத்த நாள் அறுநூறு அடி. இந்த ஊர்ல இது எனக்குப் புதுசில்ல, விடுங்க. கடைசி ரெண்டு வாரமா சாயங்காலத்துல நல்லா நடக்கறீங்க, சந்தோசம். ஆனா ஃபாஸ்டிங் எல்லாம் நூத்தி இருபது, நூத்தி நாப்பது. சராசரி ரிப்போர்ட்ல ஒம்பதே முக்கால். இது ரெண்டும் ஒரு ஆளோடதா இருக்க முடியாதே?”

அவர் அதை ஒரு பேச்சுக்காகத்தான் சொன்னார். எனக்குக் காதுமடல் சுட்டது.

என் மெஷினை வாங்கினார். அங்கேயே என் விரலைக் குத்தி அதிலும் கிளினிக் மெஷினிலும் பார்த்தார். இரண்டும் இருநூற்றைத் தாண்டி, ஒரே மாதிரி காட்டின. “மெஷின் சரியா இருக்கு. அப்ப ரத்தம் வெக்கற ஸ்ட்ரிப் ஏதாவது கெட்டுப்போயிருக்கும். வெயில்ல வெச்சீங்களா? சரி, அந்த ரீடிங் எல்லாத்தையும் அழிச்சிடறேன்.” மௌஸில் கையை வைத்தார்.

தப்பித்தேன் என்றுதான் முதலில் தோன்றியது. ஊசி உறுதியாகிவிட்டது, மானமாவது மிஞ்சட்டும். தலையாட்டக்கூடத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான், பயிற்சி கொடுத்துப் பழகிய மூளை தன்னிச்சையாக ஒரு கேள்வி கேட்டது. மெஷின் சரியென்றால், அது சொன்ன எண்களும் சரிதானே?

“மேடம், ஒரு டவுட். சர்க்கரையே இல்லாத ஆளுக்கு வெறும் வயித்துல நூத்தி இருவது இருந்தா பச்சைதானே?”

“பச்சை உங்களுக்கு. ஏற்கெனவே சுகர் உள்ளவர்னு ஆப்புக்குச் சொல்லி வெச்சிருக்கேன், அதனால நூத்தி முப்பது வரைக்கும் சிரிக்கும். இல்லாதவங்களுக்கு நூறைத் தாண்டினாலே கேள்வி. நூத்தி இருபத்தாறுக்கு மேல ரெண்டு தடவை வந்தா அது கேள்வியில்ல, பதில். ஏன் கேக்கறீங்க?”

“ஒரு ஃப்ரெண்டு...”

“ஃப்ரெண்டு காலங்காத்தால வெறும் வயித்தோட உங்க வீட்டுக்கு வந்து, உங்க மெஷின்ல பாத்தாரா?”

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. மூலையில் தண்ணீர் கேனுக்கு முன்னால் குனிந்து நின்று, பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்து அரைமணி நேரத்தில் அது மூன்றாவது பாட்டில். முதல் இரண்டையும் நான் பார்த்திருந்தேன். எண்ணியிருக்கவில்லை.

“அழிக்காதீங்க மேடம்,” என்றேன். “அதெல்லாம் அவளோடது.”

டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. மௌஸை விட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தார். “அம்மா, உள்ள வாங்க.”

மனைவி பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே வந்தாள். “எவ்ளோன்னு சொன்னாங்க? ஊசியா?” என்று என்னிடம் கேட்டாள். டாக்டர் அவளை என் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. “நான் பேசன்ட் இல்லம்மா. கூட வந்தவ.”

“தெரியும். மூணு மாசமா நீங்கதான் என் பேஷண்ட். கையக் குடுங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரை டைல்ஸின் ஓரத்தில் ஒரு விரிசல் உண்டு. இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. இருநூற்று இருபத்தொன்று. லேபுக்கு எழுதிக்கொடுத்தார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். சராசரி, சிறுநீரகம், எல்லாம். கண்ணையும் பார்க்கச் சொன்னார்.

திருச்சானூருக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் எங்களுக்கு நடுவில் ஒரு பூக்காரம்மாவின் கூடை இருந்தது. கூடைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கேட்டாள்: “அந்த மஞ்ச மூஞ்சி காட்டிச்சே, அன்னிக்கே அது எனக்குத்தான் சொல்லிச்சா?”

“ஆமா.”

“நீ அதுக்கு என்னத் திட்டினே.”

பூக்காரம்மா ஆர்வமாகத் திரும்பினார். என் மனைவி பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை அவள் ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ரிப்போர்ட் மதியத்துக்கு மேல்தான். நான் லீவு போட்டிருந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் அவள் கால் கண்ணில் படுகிறது. மதமதப்பு எந்த விரலில் ஆரம்பித்தது, எப்போதிலிருந்து, கேட்க வாய் வரவில்லை. கண்ணில் ஏதாவது இருந்தால்? சிறுநீரகத்தில்? நான் அந்த மௌஸைத் தடுக்காமல், இன்னும் மூன்று மாதம் போயிருந்தால்? வெளியே வந்து கோயில் குளத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். நிற்கும் இடத்திலெல்லாம் அதே கேள்வி வந்து நின்றதால் நிற்காமல் சுற்றினேன். கடைக்காரர்கள் முதல் சுற்றில் வணக்கம் சொன்னார்கள், நாலாவது சுற்றில் பார்த்தார்கள், எட்டாவதில் ஒருவர் “சார், ஏதாவது வேண்டுதலா?” என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன். யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. அந்த வகையில் நல்ல ஊர்.

சட்டை முதுகோடு ஒட்டிப்போனபோதுதான் கைபேசி வீட்டில் சார்ஜில் இருப்பது நினைவுக்கு வந்தது. என் வாழ்க்கையில் நானே என் சொந்தக் காலால் நடந்த மிக நீளமான நடை அது. ஆப்பின் பதிவில் அந்தக் காலை நேரத்துக்கு நாற்பத்திரண்டு அடிகள் என்று இருக்கிறது.

மதியம் ரிப்போர்ட்டோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். இந்த முறை நாற்காலியில் அவள், நான் நின்றேன். சர்க்கரை உறுதி. ஆனால் தொடக்கம். சராசரி ஏழுக்குக் கொஞ்சம் மேலே. சிறுநீரகம் நன்றாக இருந்தது. கண்ணும் நன்றாக இருப்பதாகப் பிறகு பார்த்த கண் டாக்டர் சொன்னார். மதமதப்புக்கு வைட்டமின் குறைவும் ஒரு காரணம், சரியாகும் என்றார்கள். ஒரு மாத்திரை, நடை, அட்டவணை போதும். நான் அவளுக்குப் போட்டுக்கொடுத்த அட்டவணையையே டாக்டர் இரண்டு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார் என்பதை ஆவணத்துக்காகக் குறிப்பிடுகிறேன். “இந்த ஸ்டேஜ்ல தெரிஞ்சது நல்லது. பல பேர் கால்ல புண்ணு வந்தப்புறம்தான் வருவாங்க,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு இன்சுலின்,” என்று எழுதினார்.

இப்போது வீட்டில் இரண்டு கைபேசி, இரண்டு ஆப், இரண்டு மெஷின். டாக்டர் உத்தரவு. அவள் தன் விரலைத் தானே குத்துகிறாள். களியைத் தேடிப் புட்டிங் வந்ததும், ஆப்காரர்களுக்குக் குரல் பதிவில் ஒரு புகார் அனுப்பினாள். களியை எப்படிக் கிண்டுவது என்பதும் அதில் இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பட்டியலில் களி வந்திருந்தது. சனிக்கிழமைப் பட்டினியை டாக்டர் நிறுத்தச் சொன்னார், பாதி நிறுத்தினாள். அவள் முகம் பெரும்பாலும் பச்சை. என்னுடையது மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கிறது, ஆனால் என்னுடையது.

போன மாதம் முதல் சனிக்கிழமை மச்சான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தான். என் கைபேசியைக் கேட்காமலே போய்வந்திருந்தான். இரவுச் சாப்பாட்டுக்கு முன், நான் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மனைவி இன்சுலின் பேனாவில் அளவைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்குப் போட்டுக்கொள்ளத் தைரியமில்லை என்பதால் தினமும் அவள்தான் போட்டுவிடுகிறாள். கவனத்தை வேறு பக்கம் திருப்புவதற்காக மச்சானிடம் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்லக் கதை என் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. டாக்டரே அழிக்கப் பார்த்தார், நான்தான் தடுத்தேன் என்று வந்தது. யோசித்துப் பார்த்தால், நான் மட்டும் ஒழுங்காக என் விரலைக் குத்தியிருந்தால் இவளுக்கு இருப்பது இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது என்று முடித்தேன்.

மச்சான் வாயைப் பிளந்து, “ஆமா மாமா, அதுவும் சரிதான்,” என்றான்.

மனைவி ஊசியைப் போட்டு, பத்து வரை எண்ணி, எடுத்து, மூடியை மாட்டினாள். நான் வழக்கம்போல் முகத்தைச் சுளித்தேன்.

“ஊசின்னா கை நடுங்குதுன்னியே,” என்றாள். “மூணு மாசம் என் வெரல்ல குத்துனியே, அதுல ஒரு நாளாச்சும் நடுங்கிச்சா?”